எண்ணெய் வைக்க இடம்

ஜூன் 9, ஞாயிறு

கத்திரி முடிந்தும் வெயில் குறையவில்லை. சபையில் ஷீட் கூரை. மேலே ஓடும் ஃபேன் அனலை அள்ளி அள்ளிக் கொட்டுகிறது. நாளை ஷைனிக்குப் பள்ளி திறப்பு. யூனிபார்ம் இஸ்திரி போட வேண்டும். வீட்டில் காய் இல்லை. முட்டைக் குழம்பு.

நல்ல செய்தி: ஜெபக் குழுவில் என்னைச் சேர்த்துவிட்டார்கள். பாஸ்டரம்மா எண்ணெய்ப் புட்டியைக் கையில் கொடுத்து, “பெண்கள் வரிசைல இந்தப் பக்கம் நீ பாரும்மா” என்றார். எத்தனை வருஷ ஆசை. இந்த இடத்துக்கு ஆசைப்பட்ட சுகந்தி பின்னால் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பார்க்கட்டும்.

வனஜா என் வரிசைக்கு வந்தாள். ஷூ கம்பெனியில் அவள் தையல் லைன், நான் செக்கிங் மேஜை. போன வருஷம் அவள் வீட்டுக்காரர் முருகன் நெஞ்சுவலி வந்து வேலூர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ஜெபம் பண்ணச் சொல்லி எனக்குத்தான் போன் செய்தாள். அவர் பிழைத்தார். அதற்குப் பிறகு ஞாயிறு தவறாமல் சபைக்கு வருகிறாள். அவரே வண்டியில் கொண்டுவந்து விடுவார். எல்லாம் சரி, பொட்டு மட்டும் விடவில்லை. குங்குமம், பார்வையாகப் பெரிதாக. எங்கள் சபையில் யாரும் வைப்பதில்லை. பா.அம்மா என்னிடம் ஜாடைமாடையாக எத்தனையோ முறை சொல்லிவிட்டார், “நீ கூட்டிட்டு வந்த ஆத்துமா, நீதான் சொல்லணும்” என்று.

இன்று நன்றாக அழுதாள். கண்ணை மூடி நின்றாள். நெற்றியில் எண்ணெய் வைக்க வேண்டும். இடம் வேண்டுமே. கட்டைவிரலால் குங்குமத்தைத் துடைத்தேன், எண்ணெய் வைத்தேன், “பழையவைகளை எல்லாம் எடுத்துப்போடும் ஆண்டவரே” என்று சத்தமாக ஜெபித்தேன். பின்னாலிருந்து ஆமென் ஆமென் என்று பலமாகக் கேட்டது. முடிந்ததும் பா.அம்மா தோளில் தட்டி, “தைரியம்மா உனக்கு” என்றார்.

முருகனுக்கு இன்று ஏதோ லோடு, அழைத்துப் போக வரவில்லை. வனஜா ஒன்றும் பேசாமல் ஷேர் ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள். ஆவியானவர் தொட்டிருக்கிறார், அதுதான் பேச்சு வரவில்லை.

சோப்புப் போட்டும் நகத்தோரம் கொஞ்சம் சிவப்பு. மனசு நிறைவாக இருக்கிறது.

ஜூன் 10, திங்கள்

ஷைனி முதல் நாளே வாட்டர் பாட்டிலைத் தொலைத்துவிட்டு வந்தாள். தோல் பதனிடும் டேனரிப் பக்கமிருந்து காற்று, துணி எல்லாம் வாடை.

வனஜா இன்று பொட்டோடுதான் வந்தாள். கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்து சீட் காலியாக இருந்தும் பின்னால் போய் நின்றுகொண்டாள். சாப்பாட்டு நேரத்தில் எப்போதும் இருவரும் ஒன்றாகத்தான் உட்காருவோம். இன்று லைன் பெண்களோடு போய்விட்டாள். ஏன் என்று கேட்டு ஜாடை காட்டினேன். பார்க்காத மாதிரி இருந்தாள்.

கோபம் வந்தது. நேற்று அவ்வளவு அழுதவள், இன்று மறுபடி வைத்துக்கொண்டு வருகிறாளே. பின்மாற்றம். அவளுக்காக உபவாசம் போடலாமா என்று யோசித்தேன். மத்தியானம் பசி தாங்காமல் கேன்டீனில் பொங்கல் வாங்கித் தின்றேன்.

ஜூன் 11, செவ்வாய்

எழுதக் கை வரவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

ஷிப்ட் விட்டு வெளியே வந்தால் கேட்டுக்கு எதிரே முருகனுடைய குட்டி யானை லோடு வண்டி. அவர் இறங்கி என்னை நோக்கித்தான் வந்தார். இளைத்திருந்தார். சட்டைப் பையில் மாத்திரை அட்டை.

“அக்கா, சண்டைக்கு வர்ல. ஒன்னு கேட்டுட்டு போய்ட்றேன்.”

“சொல்லு தம்பி.”

“நான் உயிரோட தான இருக்கேன்?”

“இன்னா தம்பி இப்படிப் பேசற!”

“அப்பறம் ஏங்க்கா அழிச்சீங்க?”

ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். நான் அவரைக் கொஞ்சம் தள்ளி வரச் சொன்னேன். அந்த நேரத்திலும் யாராவது கேட்டுவிடுவார்களோ என்றுதான் எனக்கு.

அவர் சொன்னது: ஞாயிறு மத்தியானம் அவர் காவேரிப்பாக்கத்துக்கு லோடு ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். வீட்டு வாசலில் அவருடைய அம்மா. ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கி வந்த வனஜாவைப் பார்த்திருக்கிறார். நெற்றியில் பொட்டு இல்லை, சிவப்பு இழுவியிருக்கிறது, கண் வீங்கியிருக்கிறது. மகன் வண்டி எடுத்துக்கொண்டு போனவன். நெஞ்சுவலி ஏற்கெனவே ஒரு முறை வந்தவன்.

“எங்கம்மா ஐயோ எம்புள்ளன்னு மாருல அடிச்சிகினு கீழ வுழுந்துட்ச்சி. தெருவே கூடிட்ச்சி. வனஜா இல்ல இல்லன்னு கத்துறா, யாரு கேக்கறாங்க? எனக்கு போன் மேல போன். வண்டி ஓட்றப்ப நான் எடுக்கறதில்லையே. நான் வீட்டுக்கு போறேன், வாசல்ல கூட்டம். எங்கம்மா என் மூஞ்சிய தடவித் தடவிப் பாக்குதுக்கா.”

நான் எண்ணெய் வைக்க இடம் வேண்டி என்று ஏதோ ஆரம்பித்தேன். எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

“கோயிலுக்குப் போவாதன்னு நான் ஒருநாளும் சொன்னதில்ல. நானேதான் கொண்டாந்து வுடறேன். அவ போக ஆரம்பிச்ச பிறகுதான் எங்க வீட்ல சண்டை கம்மி, எனக்கு நல்லாவே தெரியும். ஆனா ஆஸ்பத்திரில எனக்கு கண்ணு தெளிஞ்சப்ப மொதல்ல பாத்தது அவ நெத்தியத்தான். அது இருந்துச்சி. செரி, இன்னும் சாவலன்னு தெரிஞ்சிகினேன்.”

சிரித்தார். நான் சிரிக்கவில்லை. “வர்றேன்க்கா” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை. பஸ்ஸைத் தவற விட்டு நடந்தே வந்தேன்.

ஜூன் 12, புதன்

விடியற்காலை. இவர் இன்னும் எழுந்திருக்கவில்லை. பால் வரவில்லை.

நேற்று இவரிடம் சொன்னேன். டேனரியில் வேலை முடித்து வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தார். முதலில் சிரித்தார். அந்தக் கிழவி விழுந்ததைச் சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது.

“பொட்டு வச்சிருந்தா ஆண்டவருக்கு ஆள் அடையாளம் தெரியாதுன்னு யாரு ராணி உனக்கு சொன்னது?”

“எங்க சபை ஒழுங்கு அது. நீங்க ஞாயித்துக்கிழமை தூங்கறவரு, உங்களுக்கு இன்னா தெரியும்?”

“செரி. அந்தப் பொண்ணு கைய புடிச்சி, அழிக்கட்டுமான்னு ஒரு வார்த்த கேட்டியா?”

கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாள். அது தெரிந்துதான் கேட்கவில்லை. கண்ணை மூடியிருந்தாள், அந்த நேரம் பார்த்துத்தான் செய்தேன்.

வேலைப் பழக்கம் என்று ஒரு சமாதானம் யோசித்து வைத்திருந்தேன். செக்கிங் மேஜையில் ஷூவின் மேல்தோலில் தையலுக்கு அடையாளமாகப் போட்ட சில்வர் பேனாக் கோடு மிச்சமிருந்தால் கட்டைவிரலில் துணி சுற்றித் துடைப்போம். நாளெல்லாம் அதுதான். கை தானாகப் போய்விட்டது என்று சொல்லலாம். சொன்னால் நம்புவார்கள். ஆனால் கை தானாகப் போகவில்லை. எண்ணெயை உச்சந்தலையில் வைத்திருக்கலாம், எத்தனையோ பேருக்கு அப்படித்தான் வைக்கிறார்கள். துடைக்கிறபோது யார் யார் பார்க்கிறார்கள் என்று ஒரு கண்ணால் பார்த்தேன். சுகந்தி பார்த்தாள். அதற்குப் பிறகுதான் சத்தத்தைக் கூட்டினேன்.

வெட்கமாக இருக்கிறது. ஜெபம் ஆண்டவர் காதுக்கு இல்லை, சுகந்தி காதுக்கு.

பால்காரர் வந்துவிட்டார்.

அதே நாள், பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது

மன்னிப்புக் கேட்கப் போகிறேன். சாப்பாட்டு நேரத்தில். மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன்.

ஜூன் 13, வியாழன்

நேற்று நடந்தது அவமானம். சுருக்கமாக.

கைகழுவும் இடத்தில் அவளைப் பிடித்தேன். மனப்பாடம் செய்தது ஒன்றும் வரவில்லை. வாயில் வந்தது இது: “வனஜா, நீ தப்பா எடுத்துக்கிட்ட. நல்லதுக்குத்தான் பண்ணேன்.”

“நான் தப்பா எடுத்துகினனா?”

அவ்வளவுதான் கேட்டாள். டிபன் பாக்ஸைக் கழுவி, தண்ணீரை உதறி, போய்விட்டாள். குழாயை மூடிவிட்டுத்தான் போனாள். பழைய வனஜா என்றால் அந்த டிபன் பாக்ஸ் என் தலையில் விழுந்திருக்கும்.

இதைத்தான் நாளெல்லாம் யோசித்துக்கொண்டிருக்கிறேன். பழைய வனஜா எப்படி இருந்தாள்? தண்ணீர் லாரி வந்தால் அவள் வாய்க்குப் பயந்து தெருவே ஒதுங்கும் என்பார்கள். மாமியாரோடு பல வருஷம் பேச்சே இல்லை. அந்த மாமியாரை ஊரிலிருந்து இவளே போய் அழைத்து வந்தாள். கிழவிக்கு வெந்நீர் வைத்துக் குளிப்பாட்டிவிட்டுத்தான் பஸ் பிடிக்கிறாள். போன மாதம் ஒரு பேட்ச் முழுக்கத் தையல் கோணி, தப்பு பக்கத்து மெஷின்காரியுடையது, சூப்பர்வைசர் இவளைப் பிடித்துக் கத்தினார். இவள் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு அப்போதுதான் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, வேலை போய்விடக்கூடாது என்று. நான் அப்போது மேஜையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இது எப்படி வந்தது உனக்கு என்று கேட்டதற்கு, “தெர்லக்கா, முன்ன மாதிரி நெனப்பே வர மாட்டேங்குது” என்றாள்.

அத்தனையும் அந்தப் பொட்டு இருக்கும்போதே நடந்தது. நினைப்பே மாறிவிட்டது என்று அவள் சொன்னதை நான் காதில் வாங்கவில்லை. நெற்றியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறந்ததிலிருந்து நான் பொட்டு வைத்ததில்லை. என்னிடம் என்ன மாறியது? கொழுந்தன் பெண்டாட்டியோடு மூன்று கிறிஸ்துமஸாகப் பேச்சு இல்லை. பக்கத்து வீட்டுச் சண்டை என்றால் மிக்ஸியை நிறுத்திவிட்டுக் கேட்கிறேன். சபையில் யார் காணிக்கைத் தட்டில் காசு போடாமல் அனுப்புகிறார்கள் என்று பார்க்கிறேன். ஷைனி போன வாரம் கேட்டாள், “ஏம்மா சர்ச்சுக்குப் போய்ட்டு வந்தா மட்டும் ஜாஸ்தி கத்துற?” வாய்மேல் ஒன்று போட்டேன்.

வேதம் எனக்குப் பக்கம் பக்கமாகத் தெரியும். உள்ளே எங்கேயும் இறங்கவில்லை.

சாயந்திரம் பா.அம்மா போன். ஞாயிறு நான் சாட்சி சொல்ல வேண்டுமாம், மைக்கில். “வனஜாவுக்குள்ள கர்த்தர் செஞ்சத சொல்லு, நாலு பேருக்கு எழுப்புதலா இருக்கும்.” குக்கர் விசில் வருகிறது என்று வைத்துவிட்டேன். குக்கர் அடுப்பிலேயே இல்லை.

ஜூன் 14, வெள்ளி

லேசாகத் தூறல். மண்வாசனை, அதோடு டேனரி வாடையும்.

பஸ் நிற்கும் இடத்துக்கு வேண்டுமென்றே சீக்கிரம் போனேன். வனஜா மட்டும் இருந்தாள். இன்று எதுவும் மனப்பாடம் செய்யவில்லை.

“வனஜா, உன்ன கேக்காம கை வச்சேன். எல்லாரும் பாக்கணும்னு வச்சேன். தப்பு என்னுது.”

அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“அத்தை இன்னும் சரியா சாப்புடல. ராத்திரி எழுந்து எழுந்து அவர் மூச்சு வுடறாரான்னு கை வச்சி பாக்குது.”

“நான் வந்து அவங்க கால்ல வுழட்டுமா?”

“வேணாம். நீங்க வந்தீங்கன்னா அதுக்கு பேஜாரு ஜாஸ்தியாவும்.”

பிறகு அவளாகவே சொன்னாள். நாளை முருகனுக்கு வேலூரில் செக்கப். எல்லா டெஸ்டும் எடுக்கிறார்கள். நெற்றி அழிந்த வாரத்திலேயே இந்த செக்கப் வந்திருக்கிறது என்று கிழவி புலம்புகிறதாம்.

“எனக்கும் பயமாத்தான்க்கா இருக்குது. நம்பிக்கை இருந்தா பயம் ஏன்னு நீங்க கேப்பீங்க. அதுக்குத்தான் உங்ககிட்ட சொல்றதுக்கே கூச்சம்.”

இது செருப்படி. பயம் என்று என்னிடம் சொல்ல அவள் கூச்சப்படுகிற மாதிரி நான் இருந்திருக்கிறேன். பயத்தோடு ஆள் வந்தால் வசனத்தைத் தூக்கிப் போட்டு அனுப்பிவிடுகிறவள் நான். எத்தனை பேர் இப்படி என்னிடம் சொல்லாமல் திரும்பிப் போனார்களோ.

“கூட வர்ட்டா நாளைக்கு?”

“வேணாம்க்கா. இயேசப்பா மேல எனக்கு கோவம் இல்ல. உங்க மேலதான்.”

பஸ் வந்தது. அவள் பின்னால் ஏறினாள், நான் முன்னால். அவளைப் பார்க்கத் திரும்பவில்லை. செக்கிங்கில் இன்று இரண்டு முறை திட்டு வாங்கினேன்.

ஜூன் 15, சனி

அரை ஷிப்ட். ஊறுகாய் தீர்ந்தது. ஷைனி நோட்டுக்கு அட்டை போட வேண்டும்.

காலையிலிருந்து முருகன் நினைப்பு. இந்நேரம் ரத்தம் எடுத்திருப்பார்கள், இந்நேரம் எக்கோ. பாத்திரம் தேய்த்துக்கொண்டே ஜெபம் செய்யப் பார்த்தேன். வழக்கமாக எனக்கு வார்த்தை மளமளவென்று வரும். இன்று வாயைத் திறந்தாலே என் குரல்தான் எனக்குக் கேட்கிறது. ஏற்ற இறக்கம், இழுவை, எல்லாம் பழகின ராகம். நிறுத்திவிட்டேன். சும்மா நின்றேன். அந்த ஆள் நன்றாக இருக்கட்டும் என்று மட்டும் ஒரு நினைப்பு. அது ஜெபமா என்று தெரியவில்லை. யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், இவர்கூட.

அந்த நினைப்பிலும் ஒரு கள்ளம் இருந்தது. அவருக்கு ஏதாவது என்றால் பழி என் தலையில் விழும். அதற்காகவும்தான் வேண்டினேன். பொய் எழுத மாட்டேன்.

மூன்று மணிக்கு மேல் லைன் பெண்களின் வாட்ஸ்அப் குரூப்பில் வனஜா போட்டிருந்தாள்: “அவர்க்கு எல்லாம் நார்மல். அதே மாத்திரை கண்டினியூ பண்ண சொன்னாங்க. விசாரிச்ச எல்லாருக்கும் தேங்ஸ்.” கூடவே கும்பிடு.

எனக்குத் தனியாக எதுவும் வரவில்லை. எல்லோருக்கும் வந்ததில் எனக்கும் வந்தது. அதுவே போதும் என்றிருந்தது, உட்கார்ந்து அழுதேன். இவர் என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார். சொன்னதும், “செரி, டீ போடவா?” என்றார். போட்டார். சர்க்கரை கம்மி.

ஜூன் 16, ஞாயிறு

மேகமூட்டம். புழுக்கம். இவர் இன்று சபைக்கு வருகிறேன் என்றார், பிறகு தூங்கிவிட்டார்.

ஆராதனை தொடங்குவதற்கு முன்பே பா.அம்மாவிடம் எண்ணெய்ப் புட்டியைத் திருப்பிக் கொடுத்தேன்.

“இன்னாம்மா, ஒரு வாரம்தான் ஆச்சு?”

“கொஞ்ச நாள் வேணாம்மா.”

அப்போதுதான் குட்டி யானை சத்தம் கேட்டது. வனஜா இறங்கினாள். வருவாள் என்று நான் நினைக்கவே இல்லை. நெற்றியில் குங்குமம், எப்போதும்போல. முருகன் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார். போய்விடவில்லை. இன்று என்ன ஆகிறது என்று பார்க்கத்தான் நின்றிருக்கிறார்.

பா.அம்மா என் காதோரம்: “மறுபடியும் வச்சிட்டு வந்திருக்கா பாரு. நீ போய் பக்குவமா சொல்லும்மா. நீ சொன்னாதான் கேப்பா.”

“அது அவ நெத்திம்மா.”

சொல்லிவிட்டேன். பா.அம்மாவிடம் நான் எதிர்ப்பேச்சு பேசியதே கிடையாது. என்னை ஏற இறங்கப் பார்த்தார். கெட்டவர் இல்லை அவர். ஷைனி டெங்குவில் கிடந்தபோது ஆஸ்பத்திரியில் கூடவே இருந்தவர். ஆனாலும் முகம் மாறிவிட்டது. இனிமேல் ஜெபக் குழு எனக்கு இல்லை என்று தெரிந்துவிட்டது. சுகந்தி கையில் எண்ணெய் போயிற்று. வலித்தது. வலித்தது என்பதே எவ்வளவு கேவலம்.

சாட்சி நேரம். பாஸ்டர் என் பேரைக் கூப்பிட்டார். போய் எல்லோர் முன்னாலும் தப்பை ஒத்துக்கொண்டால் என்ன என்று ஒரு வேகம் வந்தது. எழுந்தும் நின்றுவிட்டேன். அழுவேன், எல்லோரும் அழுவார்கள், ராணி எவ்வளவு தாழ்மை என்பார்கள். வனஜா அங்கே நடுவில் அந்தப் பொட்டோடு உட்கார்ந்திருப்பாள், எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். அவளை வைத்து இன்னொரு முறை பேர் வாங்கப் பார்க்கிறேன். உட்கார்ந்துவிட்டேன். இன்று இல்லை என்று தலையசைத்தேன். வேறு யாரோ போய்ப் பிள்ளை பாஸானதைச் சொன்னார்கள்.

ஜெபிக்கிற வேளையில் வனஜா முன்னால் போகவில்லை. இருந்த இடத்திலேயே முட்டி போட்டாள். இந்த முறை கண்ணை மூடவில்லை. யாராவது கிட்டே வருகிறார்களா என்று பக்கவாட்டில் பார்த்துக்கொண்டே ஜெபிக்கிறாள். கண்ணை மூடி ஜெபிக்கிற நிம்மதியை அவளிடமிருந்து எடுத்துவிட்டேன்.

எல்லாம் முடிந்து செருப்பு போடும் இடத்தில் நேருக்கு நேர் வந்துவிட்டோம். நான் ஒதுங்கினேன். அவள் நின்றாள்.

“அக்கா, மன்னிச்சிட்டேன்னு சொன்னா பொய்யாய்டும். இன்னும் ஆறல.”

“செரிம்மா.”

“கேட்டுகினேதான் இருக்கேன். தினம் அத்தைக்கு வெந்நி வச்சிட்டு, பத்து நிமிஷம் உக்காந்து, ராணிக்காவ மன்னிக்க எனக்கு மனசு குடுங்கன்னு. இன்னும் வர்ல. வந்தா சொல்றேன்.”

வண்டியில் ஏறிப் போனாள். முருகன் ஹார்ன் அடித்தார், எனக்கா வழியில் நின்ற மாட்டுக்கா தெரியவில்லை.

நான் செய்த தப்பை மன்னிக்க, விடியற்காலையில் எழுந்து உட்கார்ந்து பாடுபடுகிறவள் அவள்.